மனிதக் கடத்தல் என்றால் என்ன? ‘விரும்பித்தானே சென்றார்’ என்ற வாதம் சட்டத்தின் முன் ஏன் செல்லாது? – முழு விளக்கம்

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனே நகரின் கேம்ப் பகுதியில், சாது வாஸ்வானி சாலையில் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் உள்ளது. அதற்கு அருகே, குயின்ஸ் கார்டன் பகுதியில் மாநில அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு ஆணையரகம் இயங்குகிறது. கடத்தியவரைப் பிடிப்பது முதல் அலுவலகத்தின் பொறுப்பு. மீட்கப்பட்டவரைக் காப்பதும் மறுவாழ்வு அளிப்பதும் இரண்டாவது அலுவலகத்தின் பொறுப்பு. மனிதக் கடத்தலுக்கு எதிரான இந்தியச் சட்டங்களும் இந்த இரு பணிகளையே அடித்தளமாகக் கொண்டவை.

ஆனால் கடத்தப்பட்டவர்களில் பலர் இந்த இரு வாசல்களில் எதையும் எட்டுவதே இல்லை. தமக்கு நேர்ந்தது சட்டப்படி ஒரு குற்றம் என்பதையே அவர்கள் அறியாதிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர்களை யாரும் வாயைப் பொத்தித் தூக்கிச் செல்லவில்லை. வேலை கிடைக்கும் என்று நம்பி, பயணச்சீட்டு வாங்கி, தாமாகவே ரயில் ஏறினார்கள். அதனால், நடந்தது தம்முடைய தவறு என்றே அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். சட்டம் அவ்வாறு கருதவில்லை.

மனிதக் கடத்தல் என்பது எது, அது எந்தெந்த வடிவங்களில் நடக்கிறது, என்ன தண்டனை, மீட்கப்பட்டவருக்கு என்ன உரிமைகள், யாரிடம் முறையிடுவது என்பவற்றை இத்தொகுப்பில் காணலாம்.

ஒரே சொல், மூன்று குற்றங்கள்

தமிழில் ‘கடத்தல்’ என்ற சொல் பல பொருள்களில் வழங்குகிறது. பணயத் தொகை கேட்டுக் குழந்தையைத் தூக்கிச் செல்வதும் கடத்தல். தங்கத்தையும் போதைப்பொருளையும் எல்லை தாண்டிக் கொண்டுவருவதும் கடத்தல். வேலை என்று சொல்லி ஒரு பெண்ணைப் பாலியல் தொழிலில் தள்ளுவதும் கடத்தல். மனிதர்களைப் பொறுத்தவரை, சட்டம் இவற்றை மூன்றாகப் பிரிக்கிறது.

முதலாவது, ஆட்கடத்தல். ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாகவோ, சிறுவராயின் பாதுகாவலரின் சம்மதமின்றியோ கொண்டுசெல்வது இதில் அடங்கும்.

இரண்டாவது, சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு ஆள் அனுப்புதல். பணம் பெற்றுக்கொண்டு ஒருவரை முறையான ஆவணங்கள் இன்றி வேறொரு நாட்டுக்குள் நுழையச் செய்வது இது. எல்லையைக் கடந்ததும் அனுப்பியவருக்கும் சென்றவருக்குமான தொடர்பு பெரும்பாலும் முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் மனிதக் கடத்தல். சுரண்டும் நோக்கத்துடன் ஒருவரை வேலைக்குச் சேர்ப்பது, கொண்டுசெல்வது, அடைத்து வைப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது ஆகியவை இதில் அடங்கும். இதற்கு நாட்டின் எல்லையைக் கடக்க வேண்டிய அவசியமில்லை. சொந்த மாவட்டத்துக்குள், ஏன், சொந்த ஊருக்குள்ளேயே கூட இக்குற்றம் நிகழலாம். பயணம் முடிந்த பிறகுதான் இதன் உண்மையான கொடுமை தொடங்குகிறது.

குற்றத்தின் மூன்று கூறுகள்

இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவு, டெல்லி மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து, 2013-ஆம் ஆண்டு மனிதக் கடத்தலை விரிவாக வரையறுத்துத் திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதன் இடத்தில் 143-ஆவது பிரிவு உள்ளது. இதன்படி மூன்று கூறுகள் சேர்ந்தால் அது மனிதக் கடத்தல்.

• செயல்: ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லுதல், தங்கவைத்தல், கைமாற்றுதல், பெறுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று.

• வழிமுறை: அச்சுறுத்தல், பலவந்தம், கடத்திச் செல்லுதல், ஏமாற்றுதல், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், ஆசை காட்டித் தூண்டுதல் ஆகியவற்றில் ஒன்று. ஒருவரைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்குப் பணமோ சலுகையோ தந்து அவரது ஒப்புதலைப் பெறுவதும் இதில் அடங்கும்.

• நோக்கம்: சுரண்டல். உடல்ரீதியான சுரண்டல், பாலியல் சுரண்டல், அடிமைத்தனம் அல்லது அதனையொத்த நடைமுறைகள், பிச்சை எடுக்க வைத்தல், உறுப்புகளைக் கட்டாயமாக அகற்றுதல் ஆகியவற்றைச் சட்டம் குறிப்பிடுகிறது. பிச்சை எடுக்க வைத்தல் என்பது புதிய சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

தரகர், வண்டி ஓட்டியவர், வீட்டில் தங்கவைத்தவர், இறுதியில் வேலை வாங்கியவர் என ஒவ்வொருவரின் செயலும் தனித்தனியே குற்றமாகலாம். ‘நான் அழைத்துவந்து விட்டதோடு சரி, அங்கே என்ன நடந்ததென்று தெரியாது’ என்று சொன்ன அளவில் ஒரு தரகர் தப்பிவிட முடியாது. சுரண்டலுக்காகவே அவர் அழைத்துவந்தார் என்பது நிரூபிக்கப்பட்டால் போதும்.

சம்மதம் ஏன் பொருட்டல்ல?

இப்பிரிவின் இரண்டாவது விளக்கம், கடத்தல் குற்றம் நிகழ்ந்ததா என்பதைத் தீர்மானிப்பதில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று தெளிவாகக் கூறுகிறது.

இதன் காரணம் எளிது. பொய்யான தகவலின் பேரில் தரப்படும் சம்மதம் உண்மையான சம்மதமாகாது. அழகுநிலைய வேலைக்கு ஒப்புக்கொண்ட பெண், பாலியல் தொழிலுக்கு ஒப்புக்கொண்டவர் ஆகமாட்டார். பத்தாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிய தொழிலாளி, ஊருக்குத் திரும்பும் உரிமையை விற்றுவிட்டவர் ஆகமாட்டார். பெற்றோரே முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை அனுப்பியிருந்தாலும், அந்தப் பணமே சட்டத்தின் பார்வையில் ஒரு ‘வழிமுறை’ ஆகிவிடுகிறது.

2000 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பலெர்மோ நெறிமுறையும் இதே அடிப்படையில் அமைந்தது. 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில், ஏமாற்றமோ பலவந்தமோ நடந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை, சுரண்டலுக்காகக் கொண்டுசெல்லப்பட்டதே போதும் என்று அது மேலும் ஒரு படி செல்கிறது. இந்நெறிமுறைக்கு இந்தியா 2011 மே மாதம் ஏற்புறுதி அளித்தது.

கடத்தலின் நான்கு முகங்கள்

1. பாலியல் சுரண்டல்

கேம்ப் பகுதிக்கு மேற்கே, பழைய நகரின் பேட்டைகளுள் ஒன்றான புத்வார் பேட்டை, நாட்டின் பெரிய பாலியல் தொழில் பகுதிகளில் ஒன்று. இந்திய மாநிலங்களிலிருந்து மட்டுமின்றி நேபாளம், வங்கதேசம் ஆகிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்களும் சிறுமியரும் இங்கு மீட்கப்பட்டுள்ளனர். இப்போது இக்குற்றம் இத்தகைய பகுதிகளோடு நிற்கவில்லை. விடுதிகள், மசாஜ் நிலையங்கள், வாடகைக் குடியிருப்புகள் எனப் பரவியுள்ளது; பேரம் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது.

கேம்ப் என்ற பெயருக்கும் இப்பொருளுக்கும் ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. 1817-இல் பேஷ்வா படைகளுடன் நடந்த போரை அடுத்து ஆங்கிலேயர் அமைத்த ராணுவக் குடியிருப்பே இன்றைய கேம்ப். ஆங்கிலேய ஆட்சியில் இத்தகைய கண்டோன்மென்டுகளில் படைவீரர்களுக்கென வைக்கப்பட்ட பெண்களைப் பதிவு செய்யவும், கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தவும் 1864-ஆம் ஆண்டின் கண்டோன்மென்ட் சட்டம் வழிசெய்தது. படைப்பிரிவுகளின் கடைவீதிகளில் போதிய எண்ணிக்கையில் பெண்கள் இருக்க வேண்டும் என 1886-இல் ராணுவத் தலைமையகம் சுற்றறிக்கையே அனுப்பியது. இது பிரிட்டனில் பெரும் கண்டனத்துக்கு உள்ளாகி, 1888-இல் கட்டாயப் பரிசோதனை முறை கைவிடப்பட்டது. அன்றைய சட்டத்தின் கண்கள் அந்தப் பெண்களையே கண்காணித்தன. அவர்களைக் கொண்டுவந்து விற்றவர்களை அல்ல. இந்தப் பார்வையை மாற்றுவதற்கே அடுத்து வந்த தலைமுறைகள் போராட வேண்டியிருந்தது.

2. கொத்தடிமைத்தனமும் கட்டாய உழைப்பும்

2022 செப்டம்பரில் நாசிக் மாவட்டம் இகத்புரி வட்டத்தில், காத்கரி பழங்குடியினத்தைச் சேர்ந்த 10 வயதுச் சிறுமி ஒருவர் உயிரிழந்ததை அடுத்து ஒரு கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது. அப்பகுதியின் வறிய குடும்பங்களுக்குச் சில நூறு ரூபாயும் ஓர் ஆடும் கொடுத்து, அவர்களின் குழந்தைகளை ஆடு மேய்க்க அகமதுநகர் மாவட்டத்துக்குக் கொண்டுசென்றிருந்தனர். அந்தச் சிறுமியும் அவ்வாறு சென்றவர்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வழக்குகள் பதிவாயின. பல குழந்தைகள் மீட்கப்பட்டனர்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. உசிலம்பட்டி உள்ளிட்ட மதுரை மாவட்டப் பகுதிகளிலிருந்து சிறுவர்கள், குடும்பத்துக்குத் தரப்பட்ட முன்பணத்துக்கு ஈடாக மகாராஷ்டிரம் உள்ளிட்ட வெளிமாநிலங்களின் முறுக்குக் கம்பெனிகளில் வேலைக்கு அமர்த்தப்பட்டதும், கொதிக்கும் எண்ணெய்க்கு முன் நாள் முழுவதும் நின்றதும், பின்னர் மீட்கப்பட்டதும் செய்திகளாக வெளிவந்துள்ளன. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதிகளிலேயே தங்கவைத்து வேலை வாங்கியதும் இவ்வகையில் விமர்சிக்கப்பட்டது. செங்கல் சூளை, அரிசி ஆலை, கரும்பு வெட்டு, கல் குவாரி என இடங்கள் மாறினாலும் முறை மாறுவதில்லை. முதலில் முன்பணம், பிறகு தீராத கணக்கு, அதன்பின் ஊர் திரும்பத் தடை.

3. உறுப்புக் கடத்தல்

2022-ஆம் ஆண்டு புனேயின் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்த சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை தொடர்பாக வழக்குப் பதிவானது. நோயாளியின் மனைவி என்று போலி ஆவணங்களில் காட்டப்பட்ட பெண், உண்மையில் பணம் தருவதாகக் கூறி அழைத்து வரப்பட்டவர் என்பது குற்றச்சாட்டு. பேசிய தொகை முழுமையாகக் கிடைக்காததால் அவரே உண்மையை வெளியிட்டதாகக் கூறப்பட்டது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியின் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் பெறப்பட்டதாக எழுந்த புகாரை விசாரிக்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. இரு நிகழ்வுகளிலும் தரகர்கள் குறிவைத்ததாகக் கூறப்படுவது பணத்தேவையில் இருந்த ஏழைகளைத்தான்.

4. இணையவழி அடிமைகள்

அண்மைக்காலத்தில் படித்த இளைஞர்களையும் விழுங்கும் வலை இது. தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று விளம்பரம் செய்து அழைத்துச் சென்று, மியான்மர், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளில் உள்ள மோசடி மையங்களில் அடைத்து, இணையவழிப் பண மோசடியில் ஈடுபடக் கட்டாயப்படுத்துகின்றனர். மறுப்பவர்கள் அடித்துத் துன்புறுத்தப்படுகின்றனர், கடவுச்சீட்டு பறிக்கப்படுகிறது. வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரில் இது குறித்து எச்சரித்தது. அதே ஆண்டு அக்டோபரில் மியான்மரிலிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்தடைந்தனர். 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்து வரப்பட்டனர்.

என்னென்ன சட்டங்கள்?

மனிதக் கடத்தலுக்கு எதிரான ஒரே முழுமையான சட்டம் இந்தியாவில் இல்லை. அதற்கான மசோதா 2018 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலேயே 2019-இல் காலாவதியானது. 2021-இல் வெளியான புதிய வரைவும் சட்டமாகவில்லை. எனவே, வழக்கின் தன்மைக்கேற்பப் பல சட்டங்களை இணைத்தே காவல்துறை செயல்படுகிறது.

• அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு: மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்யும் அடிப்படை உரிமை. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும் ஒருவரைக் கட்டாயப்படுத்தும் ஆற்றல்களே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

• ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம், 1956: வழக்கில் விபசாரத் தடுப்புச் சட்டம் எனப்படுவது. விடுதி நடத்துவது, பிறரின் பாலியல் தொழில் வருவாயில் வாழ்வது, தொழிலுக்காக ஆளைக் கொண்டுவருவது, அடைத்து வைப்பது ஆகியவை குற்றம்.

• கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976: கொத்தடிமைக் கடன் அனைத்தும் ரத்து. வாங்கியது அத்தகைய கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, கடன் கொடுத்தவருடையது.

• மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 1994: உறுப்பை விற்பதும் வாங்குவதும் தரகு செய்வதும் குற்றம். 2011-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

• போக்சோ சட்டம், 2012: 18 வயதுக்குட்பட்டோருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கானது. குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் இதன்படி தண்டனைக்குரியது.

• இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015: குழந்தையை விற்பதும் வாங்குவதும் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மருத்துவமனை ஊழியர் இதில் ஈடுபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை.

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், மனிதக் கடத்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் தேசியப் புலனாய்வு முகமைக்கும் அளிக்கப்பட்டது. மாநிலம் விட்டு மாநிலமும், நாடு விட்டு நாடும் பரவும் வழக்குகளில் இது பயன்படுகிறது.

தண்டனை எவ்வளவு?

பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவின்படி, அபராதத்துடன் விதிக்கப்படும் சிறைத் தண்டனைகள்:

• ஒருவரைக் கடத்தினால்: குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு.
• ஒன்றுக்கு மேற்பட்டோரைக் கடத்தினால்: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.
• ஒரு குழந்தையைக் கடத்தினால்: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.
• ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கடத்தினால்: குறைந்தது 14 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.
• குழந்தைக் கடத்தலில் மீண்டும் தண்டிக்கப்பட்டால்: எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை.
• அரசு ஊழியரோ காவலரோ கடத்தலில் ஈடுபட்டால்: எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை.

கடத்தப்பட்டவர் என்று தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ ஒருவரைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துபவருக்கு 144-ஆவது பிரிவின் கீழ் தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டவர் குழந்தையாயின் 5 முதல் 10 ஆண்டு வரை. பெரியவராயின் 3 முதல் 7 ஆண்டு வரை.

மீட்கப்பட்டவரின் உரிமைகள்

சட்டத்தின் உண்மையான சோதனை மீட்பு நாளன்று முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. 1996 பிப்ரவரியில் மும்பை காமாட்டிபுராவில் நடந்த சோதனைகளில் நூற்றுக்கணக்கான பெண்களும் சிறுமியரும் மீட்கப்பட்டபோது, அவர்களில் பெரும் பகுதியினரான நேபாளச் சிறுமியரைத் திரும்ப ஏற்க அந்நாட்டு அரசு தொடக்கத்தில் தயங்கியது. காப்பகங்களில் அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். மீட்புக்குப் பிந்தைய திட்டம் இல்லாத மீட்பு எத்தகையது என்பதை அந்நிகழ்வு நாட்டுக்கு உணர்த்தியது.

பின்வந்த தீர்ப்புகள் சில நெறிகளை வகுத்தன. 2002-இல் ‘பிரேரணா’ அமைப்பு தொடர்ந்த வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம், மீட்கப்படும் 18 வயதுக்குட்பட்டவர் குற்றவாளி அல்லர், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்று வரையறுத்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரே மீட்கப்பட்ட சிறுமிக்காகவும் முன்னிலையாகக் கூடாது என்றும் உத்தரவிட்டது. சிறுமியை மீண்டும் அதே விடுதிக்காரர்களின் கைக்குக் கொண்டுசேர்க்கும் வழியை அடைப்பதே இதன் நோக்கம்.

வயதுவந்த பெண்களின் விருப்பத்துக்கும் நீதிமன்றங்கள் மதிப்பளித்துள்ளன. காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை 2020 செப்டம்பரில் விடுவித்த மும்பை உயர் நீதிமன்றம், பாலியல் தொழிலில் ஈடுபடுவது மட்டுமே சட்டப்படி குற்றமாகாது என்று கூறியது. சோதனைகளின்போது, தாமாக இத்தொழிலில் உள்ள வயதுவந்த பெண்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்ற பரிந்துரையைக் கடைப்பிடிக்குமாறு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பணித்தது. எனினும் விடுதி நடத்துவது குற்றமாகவே நீடிக்கிறது.

சம்மதம் பொருட்டல்ல என்பதும், பெண்ணின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றலாம். முரண் இல்லை. கடத்தியவர், பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தைக் கேடயமாகக் காட்டித் தப்ப முடியாது என்பது முதல் விதி. மீட்பு என்ற பெயரில் வயதுவந்த ஒருவரை விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைக்கலாகாது என்பது இரண்டாவது. முதல் விதி குற்றவாளியை நோக்கியது; இரண்டாவது அரசை நோக்கியது.

மீட்கப்பட்டவர் கேட்டுப் பெற வேண்டியவை:

• குழந்தையாயின், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்லப்பட வேண்டும்.

• கொத்தடிமையாயின், விடுவிப்புச் சான்றிதழ் இன்றியமையாதது. மறுவாழ்வு உதவிகள் இதனை அடிப்படையாகக் கொண்டவை. மத்திய அரசின் திட்டப்படி, உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையும், மறுவாழ்வு நிதியாகப் பாதிப்பின் தன்மைக்கேற்ப 1 லட்சம், 2 லட்சம் அல்லது 3 லட்சம் ரூபாயும் வழங்கப்படும். முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

• மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் உதவியும், பாதிக்கப்பட்டோர் இழப்பீடும் கோரலாம்.

• பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம், அடையாளம் ஆகியவற்றை வெளியிடுவது குற்றம். ஊடகங்களுக்கும் சமூக வலைதளங்களில் பகிர்வோருக்கும் இது பொருந்தும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின்படி, 2022-இல் நாடு முழுவதும் 2,250 மனிதக் கடத்தல் வழக்குகள் பதிவாயின. பாதிக்கப்பட்டோர் 6,036 பேர்; அவர்களில் 2,878 பேர் குழந்தைகள். அதிக வழக்குகள் பதிவான மாநிலங்களில் தெலங்கானாவுக்கு அடுத்த இடத்தில் மகாராஷ்டிரம் இருந்தது.

இந்த எண்கள், பதிவான வழக்குகளை மட்டுமே காட்டுகின்றன. ஒரு மாநிலத்தில் வழக்குகள் அதிகமாக இருப்பது, அங்கு குற்றம் அதிகம் என்பதைக் குறிக்கலாம்; காவல்துறை விழிப்புடன் பதிவு செய்கிறது என்பதையும் குறிக்கலாம். கொத்தடிமைத்தனம் பல நேரங்களில் வெறும் ‘கூலித் தகராறு’ என்று பேசி முடிக்கப்படுவதால் கணக்கில் வருவதே இல்லை. உலகளவில் 2021-இல் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதும் பெரும் தடையாக உள்ளது. சாட்சி சொல்ல வேண்டிய பெண்ணோ தொழிலாளியோ அதற்குள் பல நூறு மைல்களுக்கு அப்பால் சொந்த ஊரில் இருப்பார். குழந்தைக் கடத்தல் வழக்கு ஒன்றில் குற்றம் சாட்டப்பட்டோரின் ஜாமீனை 2025 ஏப்ரல் 15 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் நிலுவையில் உள்ள இத்தகைய வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க வழிசெய்யுமாறு பணித்தது. பிறந்த குழந்தை மருத்துவமனையிலிருந்து கடத்தப்பட்டால், அம்மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் கூறியது.

வேலைக்குச் செல்லுமுன் கவனிக்க வேண்டியவை

• நிறுவனத்தின் பெயர், முகவரி, சம்பளம், வேலை நேரம் ஆகியவற்றை எழுத்துவடிவில் கேட்டுப் பெறவும். ‘அங்கே போனதும் சொல்கிறோம்’ என்பது முதல் எச்சரிக்கை மணி.

• முன்பணம் வாங்கினால் தொகை, தேதி, கழிக்கும் முறை ஆகியவற்றைக் குறித்துவைத்து, ஒரு படியை வீட்டில் வைக்கவும்.

• ஆதார், கடவுச்சீட்டு ஆகியவற்றின் மூலப்படிகளை மேஸ்திரியிடமோ முகவரிடமோ ஒப்படைக்க வேண்டாம். நகல்களை வீட்டிலும் கைப்பேசியிலும் சேமித்துவைக்கவும்.

• வெளிநாட்டு வேலையாயின், முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கவும். சுற்றுலா விசாவில் சென்று வேலையில் சேரலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

• சென்றவருடன் குடும்பத்தினர் குறித்த நாளில் பேசுவதை வழக்கமாக்கிக்கொள்ளவும். வேறொருவர் முன்னிலையில் மட்டுமே பேச அனுமதிக்கப்பட்டால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யாரிடம் முறையிடுவது?

குற்றம் வேறு மாநிலத்தில் நடந்திருந்தாலும், சொந்த ஊரின் காவல் நிலையத்திலேயே புகார் அளிக்கலாம். எல்லையைக் காரணம் காட்டி அதனை மறுக்கக் கூடாது. ‘பூஜ்ய முதல் தகவல் அறிக்கை’ பதிவு செய்து, உரிய காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அதாவது, புனேயில் அடைத்து வைக்கப்பட்ட மகனுக்காக உசிலம்பட்டியில் ஒரு தாய் புகார் அளிக்கலாம். அவர் மராத்தி அறிந்திருக்கவோ, ரயிலேறி வரவோ வேண்டியதில்லை. கொத்தடிமை தொடர்பான புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ நேரடியாகவும் அளிக்கலாம்.

புகாரில், அழைத்துச் சென்றவரின் பெயரும் கைப்பேசி எண்ணும், கொடுத்த முன்பணம், சென்ற தேதி, கடைசியாகப் பேசிய நாள், பேச்சில் குறிப்பிட்ட ஊர் அல்லது கடையின் பெயர் ஆகியவற்றைத் தெரிந்த அளவில் குறிப்பிடவும். எல்லாம் தெரிந்த பிறகுதான் புகார் அளிக்க வேண்டும் என்பதில்லை.

உதவி எண்கள்:

• அவசர உதவி: 112
• குழந்தைகள் உதவி: 1098
• பெண்கள் உதவி: 181
• ரயில் பயணத்தின்போது: 139
• இலவசச் சட்ட உதவி: 15100
• இணையவழிக் குற்றம்: 1930
• வெளிநாடு செல்லும் தொழிலாளர் உதவி மையம்: 1800 11 3090